மீட்டர் காட்டிய பதினேழு

திருச்செங்கோட்டில் கோகிலவாணியும் அவள் கணவன் தனபாலும் கார் பட்டறை வைத்திருந்தார்கள். வெல்டிங், ஸ்பேனர் வேலையெல்லாம் அவன் பொறுப்பு. லேப்டாப்பை மாட்டி இன்ஜினை டியூன் செய்வது அவள். மோகனூர் பக்கம் கரும்பு வெட்டிய காட்டில் ஞாயிற்றுக்கிழமை கார் பந்தயம். தங்கள் பழைய காரை அதற்காகத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஓட்டப்போவது கோகிலவாணி.

சனிக்கிழமை காலை, தனபால் புதிதாகச் செய்த புகைக்குழாயில் சென்சாரை மாட்டி, மீட்டரோடு இணைத்து, இன்ஜினை ஓடவிட்டார்கள். மீட்டர் பதினேழு காட்டியது. ஒரு பங்கு பெட்ரோலுக்குப் பதினேழு பங்கு காற்று. கார் நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது பதினாலே முக்கால் இருந்தால் போதும்.

"பெட்ரோல் பத்தலைங்க" என்று அவள் லேப்டாப்பில் கொஞ்சம் கூட்டினாள். எண் லேசாக இறங்கி அங்கேயே நின்றது. இன்னும் கூட்டினாள். கார் குலுங்கிக் கரும்புகை கக்கியது.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த தனபாலின் அம்மா பாவாயி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏஞ்சாமி, பெட்ரோல் பங்கையே இங்க கொண்டாந்துட்டீங்களா? கண்ணெல்லாம் எரியுது!"

கோகிலவாணி இன்ஜினை அணைத்தாள். "ஏனுங்க, பெட்ரோல் பத்தலைன்னா இந்த நாத்தம் எப்படி அடிக்கும்?"

"மீட்டர் புதுசு. அது எதுக்குப் பொய் சொல்லுது?"

"அது பெட்ரோலை எங்கீங்க பாக்குது? புகையில மிச்சமிருக்கிற ஆக்சிஜனைத்தான் பாக்குது. சென்சாருக்கு முன்னாடி வெளிக்காத்து உள்ள போனா, பெட்ரோல் கம்மின்னு நெனச்சுக்கும்."

தனபால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். கரி அப்பியிருந்தது. பெட்ரோல் கம்மியே இல்லை, ஏகத்துக்கும் அதிகம். மறுபடி இன்ஜினை ஓடவிட்டு, காருக்கு அடியில் படுத்துக் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரை தடவினான். ஓரிடத்தில் நுரை குமிழ் விட்டது; அடுத்த நொடி உள்ளே இழுத்துக்கொண்டது.

கோகிலவாணி குனிந்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"என்னுங்க, தூங்கிட்டீங்களா?"

"ஓட்டை இருக்குது" என்றான் அடியிலிருந்தே. "நான் வெச்ச வெல்டிங்தான்."

அவள் சிரித்த சிரிப்பில் பாவாயியும் சேர்ந்துகொண்டார்.

மறுபடி வெல்டிங் வைத்து ஓடவிட்டபோது மீட்டர் பத்தரை காட்டியது. கூட்டிய பெட்ரோலையெல்லாம் அவள் படிப்படியாகக் குறைத்தாள். பதினாலே முக்கால் வந்ததும் இன்ஜின் சீராகப் பாடியது.

சாயங்காலம், போர்வெல் போடும் ரிக் லாரிகள் நிறுத்தும் காலி மைதானத்தில் தனபால் காரை மிதித்து ஓட்டினான். கோகிலவாணி பின்சீட்டில் லேப்டாப்போடு. மீட்டரைப் படிக்க ஆள் வேண்டுமென்றதும் பாவாயி தானே முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"பதிமூணு... பன்னண்டே முக்கால்... பன்னண்டரை! அங்கயே நிக்குது சாமி!"

"அதேதான் அத்தை! முழுசா மிதிக்கறப்ப அது போதும்!"

மறுநாள் பந்தயத்தில், முதல் சுற்றுப் போட்டியிலேயே கோகிலவாணி புழுதி பறக்க இரண்டாமிடம் பிடித்தாள். அடுத்த சுற்றுப் போட்டியில் பக்கத்தில் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம் என்று மைக்கில் சொன்னார்கள். தனபால் ஹெல்மெட்டைத் தேடினான். அது பாவாயியின் கையில் இருந்தது. மாட்டிப் பார்த்தார், கொண்டை இடித்தது. சட்டென்று கொண்டையை அவிழ்த்துவிட்டு, ஹெல்மெட்டை அழுத்தி மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"மெதுவாப் போயிறாத, கண்ணு" என்றார் மருமகளிடம்.