ஒரு லட்சத்து மூன்று பொத்தான்கள்

அந்தப் பொத்தான் பட்டறையில் எத்தனை விற்றாலும், எத்தனை செய்தாலும், மறுநாள் காலையில் இருப்பு ஒரு லட்சத்து மூன்றுதான். விற்றுக் குறைந்தால் தானாக நிரம்பிக்கொள்ளும். செய்து கூடினால், கூடியவை தெருவில் யார் சட்டையில் பொத்தான் அறுந்திருக்கிறதோ அங்கே போய்த் தைத்துக்கொள்ளும். இதில் தெருமுனைத் தையல்காரருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

பட்டறை மூன்று பேருக்குச் சொந்தம்: அக்கா, பெரிய தம்பி, சின்ன தம்பி. துளைபோடும் மிஷினை ஜன்னலோரம் வைப்பதா, கதவோரம் வைப்பதா என்று தம்பிகள் இருவருக்கும் முட்டிக்கொண்டது. பேச்சு நின்றது. எதிரெதிரே உட்கார்ந்துகொண்டே, "அக்கா, அந்த டப்பாவைத் தரச் சொல்லு," "அக்கா, தர முடியாதுன்னு சொல்லு" என்று நடுவில் அவளைப் போட்டு வதைத்தார்கள். கடைசியில் பாகம் பிரித்து, குறுக்கே சுவர் வைத்துவிடலாம் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். இரண்டு பேரையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. சுவருக்கு எந்தப் பக்கம் போய் உட்காருவாள்?

நூறு குழி வெட்டிய எண்ணும் பலகையில் பொத்தான்களைக் கொட்டி, வழித்து, பங்கு போட்டார்கள். மூன்று பங்கு போட்டால் ஒன்று மிஞ்சியது. "எனக்கு எதுவும் வேண்டாம்டா" என்று அக்கா ஒதுங்கிக்கொள்ள, இரண்டு பங்கு போட்டார்கள். அப்போதும் ஒன்று மிஞ்சியது. மனைவி மக்களைச் சேர்த்து ஏழு தலைக்கு ஏழு பங்கு போட்டும் பாழாய்ப்போன ஒன்று நின்றது. அந்த ஒன்றை விட்டுக்கொடுக்க இருவருக்குமே மனமில்லை; மனமிருந்தால் சுவர் எதற்கு? வெளியே வீசினால், கை கழுவி வருவதற்குள் குவியலில் வந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் அரைநாள் காகிதத்தில் வகுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது பகா எண்ணுங்க. ஒண்ணால வகுபடும், தன்னால வகுபடும். வேற எந்த எண்ணால வகுத்தாலும் மிச்சம் வரும். ஆறு இலக்கத்துல வர்ற முதல் பகா எண்ணே இதுதான். நீங்க தலைகீழா நின்னாலும் நடக்காது."

சின்ன தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒண்ணுதானே மிச்சம்? இப்பப் பாருங்க," என்று அதை எடுத்து வாயில் போட்டு விழுங்கினான். பொத்தான் பாதி வழியில் நின்றுகொண்டது. கண் பிதுங்கியது. பெரிய தம்பி குவியலைத் தாண்டிக் குதித்து அவன் முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தான். "துப்புடா! டேய், துப்பித் தொலைடா! நீ போயிட்டா நான் யாருகூடடா சண்டை போடுவேன்?" பொத்தான் தெறித்து விழுந்தது. மூச்சு வந்ததும் சின்னவன், "மெதுவா அடிண்ணா, வலிக்குது," என்றான். அக்கா சிதறிக் கிடந்த பொத்தான்களுக்கு நடுவே உட்கார்ந்து ஒரே நேரத்தில் அழவும் சிரிக்கவும் செய்தாள். மாதக்கணக்கில் அவள் இல்லாமல் அந்த இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சுவர் வைக்க வந்த கொத்தனார் நூல்கயிற்றைப் பிரித்துக்கொண்டே, "எத்தனை பங்குங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணு," என்றான் பெரிய தம்பி. "அப்படிப் போட்டாத்தான் மிச்சம் வராதாம்."

கொத்தனாருக்கு அந்தக் கணக்கு விளங்கவில்லை. இறக்கிய செங்கல்லைத் திருப்பி ஏற்றச் சோம்பல்பட்டு, பட்டறைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.