எங்க லிமிட் இல்ல

போலீஸ் ஏட்டின் அக்கா புருஷன் மதியம் மின்விசிறி மாட்டும்போது ஸ்டூலிலிருந்து விழுந்து இறந்துபோனதை கிழக்குக் காவல் மாவட்டமும் மேற்குக் காவல் மாவட்டமும் ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டதால், அவர் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டார். டாக்டர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். விழுந்து செத்தவர் என்பதால் போலீஸ் பார்க்காமல் தூக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். போலீஸ் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. கிழக்கு இன்ஸ்பெக்டர் தெருமுனையில் ஜீப்பை விட்டு இறங்காமலே எட்டிப் பார்த்து, "இது எங்க லிமிட் இல்ல" என்றார். மேற்கு இன்ஸ்பெக்டர் மறுமுனையில் இறங்கி, சோம்பல் முறித்து, அதையே சொன்னார். இரண்டு ஜீப்பும் கிளம்பிய பிறகு, அந்த வீட்டில் ஏதோ நடந்தது என்று சொல்ல ஆளில்லை. எனவே செத்தவர் எழுந்தார். அக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரைப் பிடித்தபடி அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடிக்கத் தோன்றவில்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

இதற்கு அந்த நகரக் காவல்துறையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆரம்பத்தில் ஊர் முழுவதற்கும் ஒரு ஸ்டேஷன், ஒரு இன்ஸ்பெக்டர், ஒரு குதிரை, ஒரு பூட்டு. திருடன் அகப்பட்டால் பூட்டு லாக்கப்புக்கு, அகப்படாவிட்டால் லாயத்துக்கு. ஊர் பெருத்தது. ஸ்டேஷன் இரண்டாகி, நாலாகி, அவற்றை மேய்க்க ஒரு உதவி கமிஷனர், அவரை மேய்க்க ஒரு துணை கமிஷனர், அவருக்கு மேல் இணை, அவருக்கும் மேல் கூடுதல் என்று மாடி மேல் மாடி கட்டியதில், உச்சியிலிருந்த கமிஷனருக்கு ஊர் தெரிய வேண்டுமானால் சுவரில் தொங்கிய வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதிலும் அது பெரிதாகத் தெரிந்ததால் இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். கை நடுங்காதவர் என்று பெயரெடுத்த ஏட்டைக் கூப்பிட்டு நடுவில் ஒரு கோடு இழுக்கச் சொன்னார்கள். சிவப்புப் பென்சில் மொட்டையாக இருந்தது. பென்சில் சீவி வாங்க அனுமதி கேட்டது இணை கமிஷனர் வரைக்கும்தான் ஏறியிருந்தது. ஏட்டு இருந்ததை வைத்து இழுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு, வரைபடத்தில் அரிசிமணியளவு என்றால் தரையில் அது ஒரு தெருவளவு என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கோட்டின் கிழக்கு விளிம்போடு கிழக்கு மாவட்டம் முடிந்தது, மேற்கு விளிம்போடு மேற்கு முடிந்தது. விளிம்புகளுக்கு நடுவே, பென்சில் சிவப்புக்குள், ஏட்டின் அக்கா குடியிருந்த தெரு முழுசாக மாட்டிக்கொண்டது.

முதலில் தெருக்காரர்களுக்கு இது வசதியாகத்தான் இருந்தது. தையல்காரரின் மிஷினை ஒருவன் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு ஸ்டேஷனிலும் புகாரை வாங்கவில்லை. ஆகவே மிஷின் தையல்காரர் வீட்டிலும் இருந்தது, திருடன் வீட்டிலும் இருந்தது, இரண்டிலும் சட்டை தைத்தார்கள். பங்காளிகள் இருவர் நடுத்தெருவில் கட்டிப் புரண்டார்கள். எவ்வளவு அடித்தும் ஒருவருக்கும் வலிக்காததால் சலித்துப்போய் வீட்டுக்குப் போனார்கள். வலி போன வழியில் மற்றதும் போனது. நல்ல ஜோக் ஒன்று சொன்னால் "நல்லாருக்கு" என்பார்களே தவிர, சிரிக்க மாட்டார்கள். வருஷங்கள் போயின. அக்கா புருஷனுக்குத் தாடி வளரவில்லை, பசிக்கவில்லை, தூக்கம் வரவில்லை. ஜன்னலோர நாற்காலியில் விருந்தாளி மாதிரி முழங்கால் சேர்த்து உட்கார்ந்திருந்தார்.

"இருக்காரா இல்லையான்னு கேக்கறவங்களுக்கு என்னடா சொல்றது?" என்றாள் அக்கா, பார்க்க வந்த ஏட்டிடம்.

"இருக்காருன்னு சொல்லுக்கா."

"இருந்தா இத்தனை நாள்ல ஒரு சண்டையாவது போட்டிருக்க மாட்டேனா? எனக்கு ஒரே ஒரு தடவை உக்காந்து அழணும்டா. தொண்டைல முட்டிக்கிட்டு நிக்குது, வெளிய வர மாட்டேங்குது. எதுவுமே நடக்கலையாமே, அப்புறம் எப்படி வரும்?"

"என்னாலதான் எல்லாருக்கும் தொந்தரவு, மாப்ள" என்றார் அவர் நாற்காலியிலிருந்து. "போன்னா போயிடுவேன். எங்க போறதுன்னுதான் பிடிபடல."

அந்த வீட்டுக்குள் இருக்கும்வரை ஏட்டுக்கும் ஒன்றும் தோன்றாது. தெருமுனை தாண்டிய அடுத்த அடியில்தான், கோடு போட்ட கை தன்னுடையது என்பது நெஞ்சில் வந்து இடிக்கும். ஒரு தடவை இடித்தபோது அங்கேயே நின்று யோசித்தார். மாமாவைக் கிழக்கு எல்லைக்குள் நடத்திக் கூட்டிப்போய்விட்டால், அங்கே அவர் செத்து விழுந்தாக வேண்டும், விழுந்தால் கிழக்கு அள்ளியாக வேண்டும்.

ஒருநாள் காலையில் மாமாவுக்குத் தேய்த்த சட்டை போட்டு, ஆளுக்கொரு கையைப் பிடித்து, அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள். சேதி தெரிந்து கிழக்கு இன்ஸ்பெக்டர் எல்லையிலேயே நின்றிருந்தார். மாமா காலை எடுத்து வைக்கப் போனதும், "இது எங்க லிமிட் இல்ல" என்று சொல்லி ஒரு அடி பின்னால் போனார். அவர் சொன்னதும் அது அப்படியே ஆயிற்று. கோடு ஒரு அடி நகர்ந்தது. மாமா விழவில்லை. இன்ஸ்பெக்டர் அதையே மார்க்கெட்டில் சொன்னார், பள்ளிக்கூட வாசலில் சொன்னார், பெட்ரோல் பங்கில் சொன்னார். அவர் பின்வாங்கப் பின்வாங்க மாவட்டம் சுருங்கிக்கொண்டே போய், ஸ்டேஷன் காம்பவுண்டு அளவாகி, அறையளவாகி, கடைசியில் இன்ஸ்பெக்டரின் நாற்காலியளவில் வந்து நின்றது. அவர் காலிரண்டையும் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டார்.

"யோவ் ஏட்டு, இதுக்கு மேல போக எனக்கு இடமில்லய்யா. இந்த வருஷம் என் லிமிட்ல ஒரு மர்மச் சாவுகூட இல்லன்னு மெடல் குடுக்கறாங்க. திருப்பிக் கூட்டிட்டுப் போ."

ஏட்டு குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"அப்ப இது என் லிமிட்டுங்க ஐயா" என்றார்.

"எது?"

"நான் நிக்கற இடம். ரெண்டு பூட்ஸ் அளவு. இங்க நடந்தா நடந்ததுதான், நான் ஏத்துக்கறேன். மாமா, வாங்க."

மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மரியாதையாக அந்த பூட்ஸ்மேல் ஏறி நின்றார். "அட, இடுப்பு வலிக்குதே மாப்ள" என்றார், தொலைந்தது கிடைத்தவர் குரலில். அப்படியே ஏட்டின் தோளில் சாய்ந்தார். அத்தனை வருஷத்துக் கனமும் ஒன்றாக இறங்கியதில் ஏட்டின் முழங்கால் மடங்கியது, ஆனாலும் இடம் மாறாமல் நின்றார். அக்கா ஒட்டி வந்து நின்றாள். முதலில் ஒரு விக்கல் மாதிரிதான் வந்தது.

மேலிடம் ஆராய்ந்தது. ஒரு காவல் மாவட்டம் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. கிழக்கு பழைய இடம்வரை திரும்ப விரிந்துகொண்டது, இன்ஸ்பெக்டருக்கு மெடலும் கிடைத்தது. அன்றிலிருந்து அந்த நகரத்தில் மூன்று மாவட்டங்கள். மூன்றாவது, பகலில் பெரும்பாலும் பஸ் ஸ்டாப் எதிரே போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும், மதியம் சாப்பிடப் போகும். கோட்டுத் தெருக்காரர்கள் அங்கே வந்து, பறிகொடுத்ததைச் சொல்லி, அது ஒருவழியாகக் காணாமல் போன பிறகு, திட்டிக்கொண்டே நிம்மதியாகத் திரும்புவார்கள்.

சாவு எந்த லிமிட்டோ அழுகையும் அந்த லிமிட்தான் என்பது போகப்போகத் தெரிந்தது. வீட்டில் அக்காவுக்குச் சொட்டுக்கூட வராது. ஆகவே முட்டும்போதெல்லாம் கதவைச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து வருவாள். "கொஞ்சம் தள்ளுடா" என்பாள். ஏட்டு ஒரு கையால் லாரியை நிறுத்திக்கொண்டே, அவள் நிற்க இடம் விட்டு, ஒரு காலைத் தூக்கிக்கொள்வார்.