கடைசிக் குழாய்த் தண்ணீர்

எங்கள் ஊர் ஊற்றுநீரைக் குடிக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். ஊர்க்காரர்கள் நாங்கள் மட்டும் அதைத் தொடமாட்டோம். எங்களுக்குப் பீர் இருக்கிறது. பூங்கா மண்டபத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிற எனக்குத்தான் எந்தக் குழாய் என்ன செய்யும் என்று தெரியும். கடைசிக் குழாய் மலச்சிக்கலுக்கு. நடந்துகொண்டே கொஞ்சங்கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும்.

மே முதல் நாள் பூத்த மரத்தடியில் முத்தம் கிடைக்காத பெண் வாடிப்போவாள் என்பார்கள் எங்கள் பக்கத்தில். அப்படியொரு நாளில்தான் எங்கள் ஊர் ஓட்டகர் என்னை மண்டபத்துக்கு எதிரே செர்ரி மரத்தடியில் கண்ணை மூடி நிற்கச் சொன்னான். திறந்தபோது ஆளைக் காணோம். புதருக்குப் பின்னால் அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். அந்தக் கோடையிலேயே பிராக் நகரத்துப் பணக்காரி இவோனாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறினான். அதுகூடப் போகட்டும். வருஷம் தவறாமல் மே முதல் நாள் அவளை அதே மரத்தடிக்குக் கூட்டிவந்து என் கண்ணெதிரே முத்தமிடுகிறானே, அதற்குத்தான் எனக்கு வயிறு எரியும்.

இந்த வருஷமும் வந்தான். இவோனாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தான், தொப்பையும் வெள்ளைக் கால்சட்டையுமாக.

"என்ன பிளாஷேனா, இன்னும் வாடாம இருக்கியா?"

"உங்க புண்ணியம். தண்ணி குடிக்கிறீங்களா? பிராக் வயிறு தாங்குமா?"

"யாருகிட்ட? நான் இந்த ஊர்ல பொறந்தவன்டி!"

கடைசிக் குழாயைத் திறந்தேன். உறிஞ்சிக் குடிக்க மூக்கு வைத்த கோப்பையை வாங்கி, பீர் மாதிரி மடமடவென்று குடித்தான். இன்னொன்று கொடுத்தேன். அதையும் குடித்தான். வீம்புக்கு மூன்றாவதையும் கேட்டு வாங்கினான்.

பாண்டு வாத்தியம் முடியும்வரை பெஞ்சில் இருந்துவிட்டு இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். இவோனா கண்ணை மூடினாள். ஓட்டகர் குனிந்தான். முகம் வெளிறியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பூப்பாத்திகளை மிதித்து ஓடினான். கழிப்பறை பூங்காவின் மறுகோடியில். வெள்ளைக் கால்சட்டை அதுவரை தாங்கவில்லை. பூங்காவே பார்த்துச் சிரித்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

இவோனா இன்னும் கண்ணை மூடியபடியே நின்றிருந்தாள். கிட்டே போனேன்.

"கண்ணைத் தொறங்கம்மா. ஆள் போயாச்சு."

"எங்க போனார்?"

"இதே மரத்தடியில நானும் அதைத்தான் கேட்டேன். என்னையும் இப்படித்தான் நிக்க வச்சுட்டு ஓடினார்."

அவள் மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப வருஷா வருஷம் என்னை இங்க கூட்டிட்டு வந்தது..."

"எனக்குக் காட்டத்தான்."

இவோனா விறுவிறுவென்று பெஞ்சுக்குப் போனாள். அவன் பெஞ்சில் விட்டுப்போன கோப்பையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அதே குழாயில இன்னொண்ணு பிடிங்க. திரும்பி வர்றப்ப அவருக்குத் தாகமா இருக்கும்."