பியூஸ் கட்டை

கிளம்புகிற நேரத்தில் பிரபு குளியலறைக் குழாயைக் கழற்றிவிட்டான். பானுப்ரியா சேலை மாற்றி, துணிப்பையைக் கொண்டுபோய் வாசலில் வைத்து, கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெள்ளை டேப்பின் நுனியைப் பல்லில் கடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இப்ப எதுக்குங்க அது?"

"சொட்டுதுல்ல. ரெண்டு நாள் ஆள் இல்லாம சொட்டிக்கிட்டே இருந்தா டேங்க் காலியாயிரும். செத்த இரு, முடிஞ்சிருச்சு."

திண்டுக்கல்லில் மாநகராட்சித் தண்ணீர் எப்போது வரும் என்று யாரும் அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆகவே அவன் சொன்னது நியாயம்தான். அவன் சொல்வதில் எப்போதும் ஒரு நியாயம் இருந்துவிடும். பானுவுக்கு அதுதான் தொல்லை.

செத்த இரு என்றால் கொஞ்சம் பொறு என்று அர்த்தம். அவர்கள் குடியிருக்கும் நாகல்நகரில் எல்லோரும் அந்த அர்த்தத்தில்தான் சொல்வார்கள். பிரபு சமையலறைப் பரணுக்குக் கதவு போட ஆரம்பித்து, "செத்த இரு" என்று அவளிடம் சொன்னது சித்திரையில். இப்போது கார்த்திகை. ஒரு பக்கம் கதவு இருக்கிறது, மறுபக்கம் ஆட்டாங்கல் குழவி முதல் பழைய சூட்கேஸ் வரை ஊர் பார்க்கக் கிடக்கிறது. காலிங் பெல்லின் இரண்டு ஒயர்களும் வாசலில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கின்றன. பகல் முழுக்க லாரி பார்சல் ஆபீஸில் அடுத்தவன் மூட்டைக்கு ரசீது போடுகிறவனுக்கு, வீட்டுக்கு வந்தால் ஸ்க்ரூடிரைவரைத் தொடாமல் இருக்க முடியாது.

பானு ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். எந்தக் கையைப் பார்த்தாலும் நரம்பு எங்கே ஓடுகிறது என்றுதான் முதலில் கண் போகும். நிலையத்தை நடத்தும் டாக்டரம்மா பழனியில் ஒரு கிளை திறக்கிறார். "நீ போய்ப் பொறுப்பெடுத்துக்கோ பானு. உனக்குக் கீழே நாலு பேர். தினம் போயிட்டு வர்ற தூரம்தான். வர்ற திங்கள் இல்ல, அதுக்கு அடுத்த திங்கக்கிழமை எனக்குப் பதில் சொல்லு" என்றார். அவர் அப்படிச் சொல்லிப் பத்து நாளாகிறது. பானுவுக்குப் போக வேண்டும். எவ்வளவு ஆசை என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் அதைப் பிரபுவிடம் சொல்லவேண்டுமே, அவன் காது கொடுத்தால்தானே.

ஆகவேதான் எங்காவது இரண்டு நாள் போய் வரலாம் என்று அவளே ஆரம்பித்தாள். மகள் ஜீவிதாவை அவன் அக்கா சண்முகவள்ளி வீட்டில் விட்டாயிற்று. பிரபுவின் ஆபீஸ் நண்பன் ஆனந்த்ராஜுக்குப் பாலசமுத்திரத்தில் தென்னந்தோப்பும் தோப்புக்குள் ஒரு வீடும் உண்டு. சும்மாதான் பூட்டிக் கிடக்கிறது, போய் இருங்கள் என்று சாவியைக் கொடுத்தான். பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில்தான் பழனி என்பதைப் பானு வாய் திறந்து சொல்லவில்லை. அங்கே பரண் இல்லை, காலிங் பெல் இல்லை, உட்கார்ந்து பேசலாம் என்று மட்டும் எண்ணிக்கொண்டாள்.

ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியபோதுதான் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்திருந்த பையை அவள் சரியாகப் பார்த்தாள்.

"இது டூல்ஸ் பையில்ல?"

"வழியில பஞ்சராயிட்டா?"

"பஞ்சருக்கு டிரில்லிங் மிஷின் எதுக்கு?"

பிரபு டீயை ஆற்றினான். தக்காளி ஏற்றிய லாரி ஒன்று முகத்தில் புழுதியடித்துக்கொண்டு போனது. இதுதான் நேரம் என்று பானு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவன் டீக்கடையின் தகரக் கதவைக் கவனிக்கத் தொடங்கியிருந்தான். "கீலைத் தலகீழா அடிச்சிருக்கான் பாரு" என்றான். அவள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய் வண்டியருகே நின்றாள்.

தோப்பைப் பார்த்துக்கொள்கிற அய்யம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் தென்னங்குச்சி விளக்குமாறு. பிரபுவைப் பார்த்தாள், தோளில் தொங்கிய டூல்ஸ் பையைப் பார்த்தாள், முகம் மலர்ந்துவிட்டது.

"வாங்க சாமி, வாங்க. ஒரு மாசமா ஆளு வரும் ஆளு வரும்னு ஓனரு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க. இன்னிக்காச்சும் வந்தீங்களே. மோட்டாரு பட்டனு அமுக்குனா நிக்குதில்லீங்க, வாசல் லைட்டு எரியறதில்லீங்க, உள்ள பேனு ஆமையாட்ட சுத்துதுங்க." பிறகு பானுவை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங், இவங்களும் வேலைக்குங்களா?"

"இது என் வீட்டுல" என்றான் பிரபு.

"அப்படீங்களா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போறது நல்லதுங்க. கூலி வெளிய போகாது பாருங்க."

"இல்லக்கா, நாங்க வேலைக்கு வரல" என்று பானு வாயெடுத்தாள். பிரபு அவள் முழங்கையை மெல்லத் தொட்டான்.

"விடு பானு. பாவம், ஒரு மாசமாச் சிரமப்பட்டிருக்கு. செத்த நேர வேலைதான்."

பானு துணிப்பையை உள்ளே வைத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். தெற்கே கொடைக்கானல் மலை நீலமாக நின்றது. வடக்கே தென்னைகளின் இடைவெளியில் பழனி மலை, கோயிலோடு சிறியதாகத் தெரிந்தது. அந்த மலையடிவாரத்தில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் கிளை வரப்போகிறது. தன் பெயரை எழுதிய பலகையொன்று அங்கே மேசைமேல் இருக்குமா என்று நினைத்துப் பார்த்தாள். பின்னால் மோட்டார் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. "இப்ப பாருங்கக்கா" என்று பிரபு அய்யம்மாளிடம் சொல்வது கேட்டது. அவன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டுக் கோபப்படவும் முடியவில்லை.

மோட்டார் முடிந்து வாசல் விளக்கு. விளக்கு முடிந்து ஃபேன்.

"பானு, செத்த வாரியா? மெயின்ல பியூஸ் கட்டையப் புடுங்கிட்டு அங்கயே நில்லு. நான் சொல்றப்ப போடு. வேற யாரும் தெரியாமப் போட்டுறப் போறாங்க."

பழைய வீடு. மெயின் பெட்டி வராந்தாச் சுவரில் இருந்தது. அங்கே நின்றால் ஜன்னல் வழியாக உள்ளே எல்லாம் தெரியும். பிரபு கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றான். ஃபேனின் மேல்மூடியைத் தளர்த்திக் கீழே இறக்கினான். பழைய கண்டன்சரை வெட்டி எடுத்துவிட்டு, டூல்ஸ் பையிலிருந்த புதியதன் ஒயர்களை இரண்டு கையிலும் பிடித்தான். பானு கையிலிருந்த பியூஸ் கட்டையைப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கான், உள்ளங்கை அளவு, நல்ல கனம்.

"எனக்குப் பழனியில வேலை குடுத்திருக்காங்க" என்றாள்.

"என்னது?"

"டாக்டரம்மா பழனியில புதுசா லேப் தொறக்குறாங்க. என்னைய இன்சார்ஜா இருக்கச் சொல்றாங்க. தினம் பஸ்ல போயிட்டு வரணும்."

பிரபு கழுத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்க்க முயன்றான். ஸ்டூல் ஆடியது. "செத்த இரு பானு, இத முடிச்சிட்டு இறங்கி..."

"இல்ல. கட்டை எங்கையில இருக்கு. நான் சொல்லி முடிச்சாத்தான் போடுவேன்."

வாசலில் கூட்டிக்கொண்டிருந்த அய்யம்மாள் விளக்குமாற்றை நிறுத்தினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தோப்புக்குள் போய்விட்டாள்.

"எப்ப சொன்னாங்க?"

"பத்து நாளாச்சு."

"பத்து நாளா எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"மூணு தடவ வந்தேன். ஒரு தடவ பரண்ல இருந்தீங்க. ஒரு தடவ மோட்டார்கிட்ட. மூணாவது தடவ 'இங்க பாருங்க'ன்னேன். நீங்க கையில இருந்த ஸ்க்ரூவப் பாத்தீங்க."

பிரபு ஒயரைத் திருகத் தொடங்கினான். திருகிக்கொண்டே கேட்டான். "நான் வேண்டாம்னு சொன்னா?"

"போவேன்."

"அப்பொறம் எதுக்கு எங்கிட்ட கேக்குற?"

"கேக்கலைங்க. சொல்றேன்."

இதைச் சொன்னபோது தன் குரல் ஏறவே இல்லை என்பதைப் பானு கவனித்தாள். பெரியவர்களுக்கு ரத்தம் எடுக்க ஊசி குத்துமுன் சொல்கிற மாதிரி, கொஞ்சம் சுருக்கென்று இருக்கும் என்கிற தொனியில் வந்தது.

"ஜீவிதாவ ஸ்கூலுக்கு யாரு கெளப்புறது?"

"நீங்கதான். உங்களுக்கு ஆபீஸ் பத்து மணிக்கு."

"எனக்குச் சடை பின்னத் தெரியாது."

"ஒயர் முறுக்கத் தெரியுதுல்ல."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. கறுப்பு டேப்பைச் சுற்றினான், மூடியை ஏற்றி இறுக்கினான், ஸ்டூலிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து தரைக்கும் இறங்கினான். "போடு" என்றான். அவள் கட்டையைச் செருகினாள். ஃபேன் விர்ரென்று சுற்றியது. அதை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

மதியம் அய்யம்மாள் சோறும் கொள்ளு ரசமும் கத்தரிக்காய் வெஞ்சனமும் கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் ஆனந்த்ராஜ் போனில் கூப்பிட்டு, வந்திருப்பது விருந்தாளிகள் என்று சொல்லியிருக்கிறான். "தெரியாமப் போச்சுங்க. வீட்டுக்கு வந்த சனத்தைப் போய் வேலை வாங்கிப்போட்டனே" என்று கையைப் பிசைந்தாள். "அதனால என்னக்கா" என்றான் பிரபு. வேகமாகச் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு, பக்கத்திலிருக்கும் அணைவரை போய் வருகிறேன் என்று நடந்துவிட்டான். டூல்ஸ் பை கட்டிலடியில் கிடந்தது.

பின்னாலேயே போகலாமா என்று பானு ஒரு நிமிஷம் யோசித்தாள். போனால் சமாதானம் பேசவேண்டி வரும். பேசினால், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்று வாய் தவறி வந்துவிடும். அவளுக்குத் தன்னைத் தெரியும். ஃபேனுக்கு அடியில் படுத்தாள். பகலில் தூங்கி எத்தனை காலமாயிற்று என்று நினைத்தபடியே தூங்கிப்போனாள்.

சாயங்காலம் அவன் திரும்பி வந்து, அணையில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றான். கரையில் கொக்குகள் உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். ஜீவிதாவிடம் போனில் பேசினான். பானுவிடம் தூக்கம் வந்ததா என்று கேட்டான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவளும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னவள் அவள், பதில் அவனுடையது.

ஞாயிறு காலை வீட்டைப் பூட்டி, அய்யம்மாளிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். பழனிக்குள் நுழைந்ததும் பிரபு, "அந்த லேப் எங்க வருது?" என்றான். அவள் வழி சொன்னாள். கீழ்த்தளத்தில் அகலமான ஒரு கடை, ஷட்டர் பாதி இறக்கியிருந்தது, உள்ளே ஈர பெயின்ட் வாசனை. எட்டி ஸ்விட்ச் போர்டைப் பார்ப்பான் என்று நினைத்தாள். அவன் தெருவைத்தான் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நடந்துரலாம்ல?"

"நடந்துரலாம்."

பஸ் நிலையத்தில் திண்டுக்கல் வண்டி புறப்பட நின்றிருந்தது. பிரபு பைக்கை ஓரங்கட்டி, "இறங்கு. நீ பஸ்ல வா, நான் பின்னால வாரேன்" என்றான்.

"எதுக்கு?"

"எப்படி இருக்குன்னு பாக்கணும்."

முடியாது என்று காட்டுவதற்கா, முடியுமா என்று தெரிந்துகொள்வதற்கா என்று அவன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் ஊரைத் தாண்டியதும் டிரைவர் வேகம் பிடித்தார். வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் புழுதிக்குள் பைக் தெரிந்தது. ஒருமுறை வெகுதூரம் பின்தங்கி, பிறகு விரட்டி வந்து ஒட்டிக்கொண்டது. கண்டக்டர் இரண்டு தடவை பின்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்.

ஒட்டன்சத்திரத்தில் பஸ் நின்றதும் பிரபு எதிர் டீக்கடைக்கு ஓடிப் போய்விட்டு ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். தலைமுடி முழுக்கப் புழுதி. மூச்சு வாங்கியது.

"கம்பியப் புடிச்சுக்கிட்டா உக்காந்திருக்க?"

"ஆமா. ஏன்?"

"வெரட்டுறான்யா இந்தாளு. வளைவுலகூட பிரேக்கத் தொட மாட்டேங்குறான். இந்த வண்டியில வராத. சாயங்காலமும் இதுதான் முதல்ல வருமாம், அடுத்தாப்ல ஒண்ணு இருக்காம், டீக்கடையில கேட்டேன், அது நிதானமா வருமாம். அதுல ஏறு. காலையில போறதுக்கு எதுன்னு இன்னிக்கே போய் விசாரிப்போம்."

பானு முன்சீட்டுக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள். அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விசில் ஊதிவிட்டார்கள். பஸ் நகர்ந்ததும் அவன் வண்டியை நோக்கி ஓடுவதைப் பார்த்தாள்.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த பைக்குக்காரரு பழனியிலேர்ந்து பின்னாலயே வாராரும்மா. தெரிஞ்ச ஆளுங்களா?"

"எங்க வீட்டுக்காரர்ண்ணே."

"ஏதும் சண்டையா?"

"இல்லண்ணே. நான் வேலைக்குப் போகப்போறேன், அதான்."

"அப்படியா. எந்த ஊர்ல வேலை?"

"பழனியில."

கண்டக்டர் ஓடுகிற சாலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பழனிய விட்டுட்டு இங்கிட்டுல்லம்மா போய்க்கிட்டிருக்கோம்."

"வீடு திண்டுக்கல்லண்ணே" என்றாள் பானு.