ஒரு பெட்டியில் பேச்சு, ஒரு பெட்டியில் காது

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டிக்கொள்ளுங்கள். ஒரு தையற்காரி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அவளுடைய அண்ணனுக்கு நடுக்கடல் தீவொன்றில் வானிலை பார்க்கும் வேலை. போன் எட்டாத இடம். ஞாயிறு மாலை நாலு மணிக்கு, உரிமம் வாங்கியவர்கள் வீட்டிலிருந்தே பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவில்தான் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வார்கள். அவளுடைய கல்யாணத்துக்கு அண்ணனால் வர முடியவில்லை. மாப்பிள்ளையின் குரலைக்கூடக் கேட்டதில்லை. இருவரையும் பேசவைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே தவிப்பு.

கணவன் பேருந்து ஓட்டுநர். பரீட்சை எழுதி ரேடியோ உரிமமும் வாங்கிவிட்டான். ஆனால் அவளுடைய பழைய ரேடியோப் பெட்டியைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பான். சொட்டை விழுந்த தகரம், எழுத்தழிந்த முப்பது குமிழ்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். அதனால் புதிதாக ஒன்று வாங்கிவந்தான். வழவழப்பான உடம்பு, வண்ணத் திரை. விரலால் தொட்டாலே போதும்.

அந்த ஞாயிறு அவனே கூப்பிட்டான். பதிலே இல்லை. பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் அருகிலுள்ள அலைவரிசையில் தன் முட்டிவலியை விலாவாரியாக யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்க, புதுப்பெட்டி முழுக்க அவர் குரல்தான். திரையில் வண்ணக் கோடுகள் மட்டும் ஜோராக ஆடின.

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. "உங்கண்ணனுக்கு என்கூடப் பேச இஷ்டமில்ல போல."

அவளுக்குச் சுருக்கென்றது. பழைய பெட்டியில், பால்கனியில் கட்டியிருந்த இன்னொரு ஏரியல் கம்பியைச் சொருகி, நாலைந்து குமிழ்களைத் திருகினாள். முட்டிவலி ஒதுங்கிக்கொண்டது. பின்னாலிருந்து நூலிழையாய் அண்ணன்:

"மாப்பிள்ளை, நீங்க பேசறது கணீர்னு கேக்குது. நான்தான் தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன்."

பிறகென்ன! அவன் புதியதில் பேசினான், பழையதில் கேட்டார்கள். அவன் பேசும்போது கம்பி சொருகியே இருந்தால், புதியதன் பலத்த அலை பாய்ந்து பழையதன் காது கருகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் அவள் பிடுங்கினாள், முடித்ததும் சொருகினாள். அரைமணி நேரம் இதே வேலை.

கடைசியில் அண்ணன் கேட்டான். "என் தங்கச்சி ரொம்பத் திட்டுவாளா?"

"கையில கம்பியோட நிக்கிறா மச்சான். பார்த்துத்தான் பேசணும்."

அவள் முறைத்தாள். அண்ணனின் பதிலுக்கு அவன் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று கம்பியைக் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் மனம் கேட்காமல் சொருகினாள். அங்கே அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டிலும் கூப்பிட்டவருக்குப் பதில் கிடைக்கட்டும். சண்டையெல்லாம் சிரிப்பில் முடியட்டும். நிறைவாக இருங்கள், கண்ணுகளா.