பக்கத்து எடம்

கோவளத்துக் கடற்கரை விடுதியின் ஏசி அரங்கில் 'வீடற்றோருக்கு நீடித்த தீர்வு' என்று ஒரு கருத்தரங்கு நடந்தது. மேடையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேருக்கும் வீடு இருந்தது. இரண்டு பேருக்குத் தேவைக்கு மேலேயே இருந்தது. ஏழாவது நாற்காலியில் தீர்வு உட்கார்ந்திருந்தது. அதன் பெயர் சாலமோன்.

சாலமோனுக்கு அறுபது வயதிருக்கும். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், பூட்டிக் கிடந்த பார்சல் ஆபீஸ் வாசலில் பல வருடம் படுத்தவர். பகலில் மார்க்கெட்டில் மூட்டை இறக்குவார். போன கோடையில் ஓர் அறக்கட்டளை அவரைக் கண்டெடுத்தது. அதுவரை அவர் தொலைந்துபோயிருக்கவில்லை என்பது வேறு விஷயம். செய்யூர்ப் பக்கம், சவுக்குத் தோப்புக்கு நடுவே கட்டிய குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். வாடகை கிடையாது, சாகும்வரை இருக்கலாம்.

நல்ல அறைதான். ஃபேன் சுற்றியது. கக்கூஸ் கதவு சாத்திக்கொண்டது. மழை வெளியிலேயே நின்றது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னாலும் கேட்க ஆளில்லை. அந்த மாடியில் மற்ற கதவுகள் திறப்பு விழா முடிந்த கையோடு போட்ட பூட்டோடு இருந்தன. தோப்பு நாள் முழுக்க உஸ் உஸ்ஸென்றது. அது யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவருக்குப் பக்கத்தில் படுத்தவள் சந்திரம்மா. டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவள். இருவருக்கும் நடுவே ஒரு முழம் சிமென்ட் தரை இருந்தது. அதை இருவரும் தாண்டியதில்லை. ஆனால் அந்த வாசலுக்கு ஒரு சட்டம் உண்டு. யாராவது வேலைக்கோ ஊருக்கோ ஆஸ்பத்திரிக்கோ போனால், படுக்கிற இடத்தில் ஓர் அரைச் செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். கல் இருக்கும்வரை இடம் அவருடையது. பக்கத்து இடத்துக்காரர் காவல். சாலமோன் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மழைக்காலம் முழுக்க அவருடைய கல்லைச் சந்திரம்மாதான் காத்தாள். அதை எட்டி உதைத்த ஒரு குடிகாரன், அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

அறைக்குக் கிளம்பும்போது சாலமோன், "என் கல்ல எடுத்துரு. இனிமே நான் வரப்போறதில்ல" என்றார்.

"அது பாட்டுக்குக் கீது, உனக்கு இன்னா நோவுது? நீ போய் வூட்டுக்காரனாட்டம் கால நீட்டிப் படுய்யா."

ஒரு மாதம் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தார். அப்புறம் அறக்கட்டளை இயக்குநர் ஹேமந்த்திடம் போனார்.

"சார், சந்திரம்மாவையும் அந்த ரூமுக்கே இட்டாந்துர்றேன். எடம் தாராளமா கீது."

"உங்க வொய்ஃபா?"

"ஐயே, இல்ல சார்."

"தங்கச்சியா?"

"அதுவும் இல்ல சார்."

"அப்ப என்னதான் உறவு?"

"பக்கத்து எடம் சார்."

தங்கச்சி என்று ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். சாலமோனோ, பெரிய உறவாகவே சொன்னோம் என்று நினைத்தார். ரத்த உறவு, திருமண உறவு தவிர வேறு யாரையும் சேர்க்க விதியில்லை. ஹேமந்த் வருத்தப்பட்டார், அவருக்கு அது நன்றாக வரும். "கருத்தரங்குல கேளுங்க ஐயா. விதி போட்டவரே வர்றாரு" என்றார்.

விதி போட்ட திருவேங்கடம் முதலில் பேசினார். வீடு என்பது வெறும் சுவரல்ல, அது ஓர் உணர்வு என்றார். முட்டுக்காட்டில் காயலைப் பார்த்து அவர் கட்டிக்கொண்டிருக்கும் உணர்வுக்கு இப்போதுதான் காம்பவுண்டு எழும்பியிருந்தது. பிறகு மைக் சாலமோனிடம் வந்தது.

"வூடு குடுத்தீங்க, நல்லா கீது. ஆனா காலைல எந்திரிச்சா, 'யோவ், உசுரோட கீறியா'ன்னு கேக்க ஆளில்ல. சந்திரம்மா கேக்கும். அதையும் அங்க உடுங்க சார். அவ்ளோதான்."

 அரங்கம் முழுக்கக் கைதட்டல். முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திருவேங்கடம் எழுந்து வந்து சால்வை போர்த்தினார். சாலமோன் கேட்டது கோரிக்கை. அவர்கள் அதை உரையாக எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டு வரிசையில் சாலமோன் திருவேங்கடத்தை மறித்தார். "சார், சந்திரம்மா விசயம்..."

"அற்புதமா பேசினீங்க. அதெல்லாம் ரெண்டாம் கட்டத்துல கண்டிப்பா வருது" என்ற திருவேங்கடம், இறால் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாலமோன் அறக்கட்டளை வேனில் ஏறவில்லை. பஸ் மாறி செங்கல்பட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்தார்: தங்கச்சி சார், கூடப் பொறந்தது சார். இன்றைக்கே கூட்டிப்போய்விட வேண்டியதுதான்.

பார்சல் ஆபீஸ் வாசலில் சிமென்டுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு குரோட்டன்ஸ் செடி, அதே அறக்கட்டளையின் பெயர். மேலே ஒரு பலகை: 'வீடற்றோர் இல்லா வளாகம்'.

"இன்னா அண்ணாத்த, சால்வையெல்லாம் பலமா கீது?" என்றார் டீக்கடை மைதீன்.

"சந்திரம்மா எங்க?"

"போன வாரம் தொட்டி எறக்குனாங்கோ. அல்லாரும் துணிய சுருட்டிக்கினு போய்ட்டாங்க. இது மட்டும் ரெண்டு கல்லுக்கும் நடுவுல குந்திக்கினு ஒரே சண்ட. 'அந்தாளு வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது'ன்னு."

"அப்பாலிக்கா?"

"அப்பாலிக்கா இன்னா, தொட்டி செயிச்சிடுச்சு. எந்த பஸ்ஸு ஏறுச்சோ. திண்டிவனம்ன்றான் ஒருத்தன், காஞ்சிபுரம்ன்றான் ஒருத்தன். கடைக்கும் வர்ல. ஒரு கல்ல மட்டும் பையில போட்டுக்கினு போச்சு."

"இன்னொண்ணு?"

மைதீன் காலால் காட்டினார். ஆடுகிற பெஞ்சுக்கு அது முட்டுக்கொடுத்திருந்தது. சாலமோன் குனிந்து பார்த்தார். ஓரத்தில் நீலப் பெயின்ட். சந்திரம்மாவின் கல். அவள் எடுத்துப் போனது அவருடையதை.

அவர் உருவினார்.

"அண்ணாத்த, பெஞ்சு ஆடும்!"

"ஆடட்டும்."

அடுத்த மாதம் அறக்கட்டளையிலிருந்து சுஷ்மிதா என்ற பெண் குடியிருப்பைப் பார்வையிட வந்தாள். பாய்க்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, கல் இருந்தது.

"இது எதுக்கு ஐயா? எடுத்துப் போடுங்க. போட்டோ எடுக்கணும்."

"எடுக்கக் கூடாதும்மா. ஆள் கீற எடம்."

"யாருமே இல்லையே?"

"வெளியூர் போயிருக்குது."

அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். "கொஞ்சம் நடுவுல வந்து நில்லுங்க ஐயா."

சாலமோன் நகரவில்லை. தன் பக்கத்திலேயே நின்றார்.