நிலை வைக்கும் நேரம்

குண்டு இன்னும் நிற்கவில்லை, நூலின் நுனியில் இப்படியும் அப்படியுமாக ஆடிக்கொண்டிருக்கிறது, வாசல் நிலையின் தலைப்பில் நூலை அழுத்திப் பிடித்தபடி பூரணம் முக்காலி மேல் நிற்கிறாள், மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுகிறாள், தூக்குக்குண்டு நின்றால்தான் நிலை நேராக நிற்கிறதா என்று தெரியும், நிலை நேராக நின்றால்தான் கதவு ஒழுங்காகச் சாத்தும், கதவு சாத்தாத வீட்டைக் கட்டிய கொத்தனாரை அந்தத் தெருவே ஆயுளுக்கும் திட்டும், அதுவும் அந்தக் கொத்தனார் ஒரு பொம்பளை என்றால் கேட்கவே வேண்டாம், பத்தரையோடு நல்ல நேரம் முடிகிறது, இப்போதே பத்து ஆகிவிட்டது, கீழே வசந்தகுமாரி டீச்சர் வெற்றிலை பாக்கும் மஞ்சள் குங்குமமும் வேட்டி துண்டும் வைத்த தட்டோடு வெயிலில் நிற்கிறார், நிலை வைத்து முடித்ததும் கொத்தனாருக்குக் கொடுக்கிற மரியாதைத் தட்டு, எப்போதும் வேட்டி துண்டுதான் வைப்பது, பூரணத்துக்கு என்ன வைப்பதென்று டீச்சருக்கும் தெரியவில்லை, ஜவுளிக்கடைக்காரருக்கும் தெரியவில்லையாம், பூரணத்துக்குச் சிரிப்பு வருகிறது, ஆனால் சிரித்தால் நூல் ஆடும்.

ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் வேறெங்கோ போய்விடுகிறது, சாரக்கட்டையில் கட்டிய தூளி இப்படித்தான் ஆடியிருக்கும், பூரணத்தை அதில் போட்டுவிட்டுத்தான் அவள் அம்மா செங்கல் சுமந்தாளாம், மாடியிலிருந்து இறங்கும்போது ஒரு ஆட்டு, ஏறும்போது ஒரு ஆட்டு, பால் குடிக்க நேரமில்லை, அழ நேரமுண்டு, அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், பொம்பளை வேலைக்குப் போகலாமா கூடாதா என்று அவர்கள் வீட்டில் ஒருநாளும் பேச்சு வந்ததில்லை, மழை பெய்யலாமா கூடாதா என்று யாராவது கேட்பார்களா, ஆனால் எந்த வேலை என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது, ஆம்பளைக்குக் கொத்துக் கரண்டி, பொம்பளைக்குக் கலவைச் சட்டி, அது சாமி பிரிச்சு விட்டதுடி என்பாள், எந்தச் சாமி, எந்தக் கட்டடத்தில் நின்று பிரித்தது என்று பூரணம் கேட்டதில்லை, பத்தொன்பது வயதில் கல்யாணம் முடிந்த மறு வாரம் அவளும் புருஷன் சோணையும் ஒரே நாளில் ஆண்டிச்சாமிக் கொத்தனாரிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள், அவள் சித்தாள், அவர் நிமிந்தாள், செங்கல்லைச் சுமந்து மூன்று மாடி ஏறுகிறவள் சின்ன ஆளாம், கீழே நின்று கலவை போடுகிறவர் நிமிர்ந்த ஆளாம், இந்தப் பெயரை வைத்தவர் கையில் ஒருநாள் சட்டியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஆண்டிச்சாமி கூப்பிடுகிறார், டேய் சோணை, இந்தா கரண்டி, ரெண்டு வரி செங்கல் வச்சுப் பழகு, சோணை பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கரண்டியை வாங்குகிறார், பக்கத்தில் நின்று செங்கல் எடுத்துக் கொடுப்பவள் பூரணம்தான், அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை, எதிர்பார்க்கக்கூட இல்லையே என்பதைத்தான் இப்போது நினைத்தாலும் பொறுக்க முடியவில்லை.

கண்ணுக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை, அதனால் கண்ணை யாரும் தடுப்பதும் இல்லை, சட்டியை இறக்கி வைக்கிற நேரத்தில், செங்கல்லை நீட்டுகிற நேரத்தில், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கலவையை எவ்வளவு விரிக்கிறார்கள், மூலையை எப்படிப் பிடிக்கிறார்கள், ரசமட்டத்தில் குமிழி எங்கே வந்து நிற்கிறது, ஒரு வருஷமா இரண்டு வருஷமா, பதினெட்டு வருஷம், ஆறாவது வருஷமோ ஏழாவது வருஷமோ ஒரு அரிசி மண்டிக்குப் பின்சுவர் எழும்புகிறது, ஆள் உயரம் வந்தபோது அவள் சட்டியோடு நின்று சொல்லிவிட்டாள், அண்ணே, செவரு வெளிப்பக்கமாச் சாயுதுண்ணே, ஆண்டிச்சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நீ சட்டி தூக்குற வேலையப் பாரு, எல்லோரும் சிரித்தார்கள், சோணையும் சிரித்தார், மூன்றாம் நாள் மண்டிக்காரர் குண்டு போட்டுப் பார்த்து நான்கு வரியைப் பிரிக்கச் சொன்னார், பிரித்த செங்கல்லையும் பூரணம்தான் சுமந்து இறக்கினாள், மன்னிப்பா, அதெல்லாம் யாரும் கேட்கவில்லை, அன்று சாயங்காலம் பஸ்ஸில் சோணை மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ஒனக்கு எப்படித் தெரிஞ்சுச்சு என்றார், ஒங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு என்றாள்.

பிறகு ஒரு தொண்டு நிறுவனம் உசிலம்பட்டியில் சித்தாள் பெண்களுக்கு நாற்பது நாள் கொத்து வேலைப் பயிற்சி வைத்தது, பூரணம் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று வீட்டில் பெரிய சண்டை, ஊருல என்னையச் சிரிப்பாங்க, பொண்டாட்டி கொத்தனாரு, புருசன் என்னான்னு கேப்பாங்க என்று சோணை கத்தினார், ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா, நீங்க ஒங்க காத மூடிக்கங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் வெள்ளென பஸ் ஏறிவிட்டாள், நாற்பதாம் நாள் அவள் எழுப்பிய சுவரைப் பார்க்க அவர் வந்தார், கூப்பிடாமலே வந்தார், உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்த்தார், வீட்டுக்கு வந்து தன் பழைய கரண்டியை எடுத்து அவள் பையில் வைத்தார், அந்த மனுஷனைக் கோபித்துக்கொள்ளவும் முடிவதில்லை, கோபிக்காமலும் முடிவதில்லை. கரண்டி வந்தது, வீடு வரவில்லை, கக்கூஸ் கட்டப் பூரணத்தைக் கூப்பிடு, காம்பவுண்டுச் சுவரா, பூரணம் போதும், வீடு என்று வந்தால் மட்டும் ஒரு ஆம்பளைக் கொத்தனார், பத்து வருஷம் இப்படியே போனது, இவர்கள் ஊரில் எத்தனை பேர் அவள் கட்டிய கக்கூஸில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவராவது அவள் வைத்த வாசலுக்குள் நுழைந்ததில்லை.

அப்போதுதான் டீச்சர் வந்தார், ரிட்டயர் ஆன பணத்தில் வீடு கட்டுகிறேன், நீயே கட்டிக் கொடு பூரணம், ஒரு பெண் கட்டின வீட்டில் நான் இருக்கணும் என்றார், பூரணம் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோஷம், அஸ்திவாரம் போட்ட நாட்களில் டீச்சர் நாற்காலியிலும் பூரணம் செங்கல் அடுக்கிலுமாக உட்கார்ந்து டீ குடிக்கும்போது டீச்சர் பழைய கதை சொல்வார், ட்ரெய்னிங் முடித்து வேலைக்கு ஆர்டர் வந்ததும் அவர் அப்பா அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம், நம்ம வீட்டுப் பொம்பளை சம்பளத்துக்குக் கைநீட்டினா குடும்ப கௌரவம் என்னாகும் என்று கேட்டாராம், டீச்சர் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுது அந்த ஆர்டரை வாங்கினாராம், பூரணத்துக்கு நம்பவே முடியவில்லை, வேலைக்குப் போகணும்னா அழுதீங்க டீச்சர், ஆமாம் பூரணம், எங்க வீட்டுல நாங்க ஒரே ஒரு நாளு வேலைக்குப் போகாம இருக்க முடியாதான்னு அழுவோம் டீச்சர், இரண்டு பேரும் சிரித்தார்கள், டீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், அந்த டீச்சர்தான் நேற்றுச் சாயங்காலம் வந்து நிற்கிறார், நேராக முகம் பார்க்காமல் மணல் குவியலைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார், பூரணம், தப்பா எடுத்துக்காதே, நிலை வைக்கிறது மட்டும் உன் வீட்டுக்காரர் கையால இருக்கட்டுமே, எங்க அண்ணன் ரொம்பச் சொல்றாரு, நல்ல காரியம் பாரு, மிச்ச வீடு முழுக்க நீதானே கட்டப்போறே.

முடியாது டீச்சர் என்றாள் பூரணம், தனக்கே தன் குரல் பெரிதாகக் கேட்டது, நெலைய அவரு வச்சா இது அவரு வீடு, நான் சித்தாளு, அம்புட்டுத்தேன், நாளைக்கு நான் வைப்பேன், இல்லாட்டி நாளைக்கே அவரை வச்சு முழு வீட்டையும் கட்டிக்கங்க. சொல்லிவிட்டாளே தவிர வீடு போகும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தாள், கையிலிருக்கிற ஒரே வீடு இது, போனால் மறுபடியும் கக்கூஸ்தான். இன்று காலை காபி குடிக்கும்போது சோணை மெதுவாக, டீச்சர் எனக்கு போன் பண்ணுச்சு, வரவா என்று கேட்டார், வந்தீகன்னா சட்டி தூக்க வாங்க என்றாள், அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டுத் தன் வேலைக்குப் போய்விட்டார், ஏழு மணிக்கு அவள் இங்கே வந்தபோது டீச்சர் வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்திருந்தார், தட்டை மட்டும் காட்டினார். கூலி ஆளாகப் புதிதாக ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து நின்றார்கள், மலைச்சாமி, ராக்கு, பக்கத்து ஊர், இரண்டு பேருக்கும் முப்பத்தைந்து வயது இருக்கும், பூரணம் மலைச்சாமியைப் பார்த்து, குண்டு பிடிப்பியா, மட்டம் பாப்பியா என்று கேட்டாள், சுமாராப் பாப்பேன்க்கா என்றான், சரி நீ என்கூட நில்லு என்றாள், ராக்குவைப் பார்த்தாள், சட்டி அங்கிட்டுக் கிடக்கு என்றாள், அவ்வளவுதான், அதை யோசித்துச் சொன்னதாகக்கூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

குண்டு நிற்கிறது, இதோ நின்றுவிட்டது, நூலுக்கும் மரத்துக்கும் நடுவில் மேலே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவே கீழேயும், நேர், சுத்த நேர், பூரணம் மூச்சை விடுகிறாள், அடிடா மலைச்சாமி ஆப்பை என்கிறாள், நிலை அசையாமலிருக்கக் கொடுத்த முட்டுக்கட்டைக்கு அடியில் அவன் ஆப்பை வைத்து இரண்டு அடி அடிக்கிறான், நிலை வைப்பதைப் பார்க்க வந்த தெருப் பெண்கள் குலவையிடத் தொடங்குகிறார்கள், ராக்கு கலவைச் சட்டியோடு நிலைக்குப் பக்கவாட்டில் வந்து நிற்கிறாள், நிற்கிறவள் சட்டியை இறக்கவில்லை, அக்கா, நெலை முன்னாடி சாயுதுக்கா, ஆப்பு அடிச்சதுல நகந்துருச்சு என்கிறாள், நீ சட்டி தூக்குற வேலையப் பாருடி என்று ஒரு குரல் கேட்கிறது.

யார் சொன்னது, ஆண்டிச்சாமி செத்து ஆறு வருஷமாகிறது, பூரணம் முக்காலி மேல் அப்படியே நின்றாள், தன் வாய்தான், தன் நாக்குதான், ராக்கு முகத்தைக் கீழே போட்டுக்கொண்டு சட்டியை இறக்கி வைத்தாள், அந்த முகத்தைப் பூரணத்துக்குத் தெரியும், அரிசி மண்டிப் பின்சுவரில் அவளும் அப்படித்தான் முகத்தைப் போட்டாள், நாற்பத்தெட்டு வயதில் இப்படி வெட்கம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை, டீச்சருடைய அப்பா ஆர்டரைப் பூட்டினார், ஆண்டிச்சாமி இவள் வாயைப் பூட்டினார், இவள் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஒருத்தியைப் பூட்டிவிட்டு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நூலை நிலையின் முன்பக்கம் மாற்றிப் பிடித்துப் பார்த்தாள், ஆமாம், இரண்டு நூல் முன்னால் சாய்கிறது, கால் இஞ்சு, கண் அளவில் அதைச் சொல்ல ஒரு கொத்தனாரால்கூட முடியாது.

முக்காலியிலிருந்து இறங்கினாள். டீச்சர் பதறி, பூரணம், நேரம் போகுது, பத்து நிமிஷம்தான் இருக்கு, வச்சுட்டு அப்புறம் சரி பண்ணிக்கலாமே என்றார். போகட்டும் டீச்சர், நேரம் பாத்து வச்சா கோணல் நேராயிருமா என்றாள் பூரணம், ராக்கு பக்கம் போனாள், ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா, யாரும் சொல்லிக் குடுக்கலக்கா, பாத்துப் பாத்துத்தேன், எத்தன வருசமா, பதினோரு வருசமாக்கா, பெறகு காலையில நான் கேட்டப்ப ஏன் சொல்லல. ராக்கு முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள், நீங்க என்னையக் கேக்கலையேக்கா, அவரத்தான கேட்டீக. மலைச்சாமி சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு, அவளுக்குக் கண்ணு ரொம்பச் சுத்தம்க்கா, நாந்தேன் சொல்லிருக்கணும் என்று முணுமுணுத்தான். தட்டோடு நின்ற டீச்சருக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும், கையைத் திருப்பி மணி பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

ஏறு என்றாள் பூரணம். ராக்கு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள், துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள், முக்காலியில் ஏறி நூலை வாங்கி நிலையின் தலைப்பில் அழுத்திப் பிடித்தாள், குண்டு இப்படியும் அப்படியுமாக ஆடத் தொடங்கியது, பூரணம் குனிந்து அவள் இறக்கி வைத்த சட்டியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள், பத்து வருஷம் கழித்து ஏறுகிற பாரம், கழுத்து அதை மறக்கவில்லை, எம்புட்டுத் தட்டணும்னு சொல்லு ராக்கு, மலைச்சாமியத் தட்டச் சொல்றேன் என்றாள். பொறுங்கக்கா, குண்டு இன்னும் நிக்கல என்றாள் மேலே நின்றவள், மூச்சை மெதுவாக விட்டபடி. பத்தரை தாண்டிவிட்டது, பூரணம் தலையில் சட்டியோடு காத்து நின்றாள்.